கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கொக்கி

அப்பாஸ்டிரஃபி என்ற கொக்கி, காணாமல் போன எழுத்துக்கு நட்ட நடுகல். உயிரெழுத்து விழுந்த இடத்தைக் காட்ட கிரேக்கர்கள் வைத்திருந்த குறி அது. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக நூல்களைப் பதிப்பித்த பியெத்ரோ பெம்போ, அதை இத்தாலிய மொழிக்கு இழுத்துவந்தார். 1529இல் பாரிஸில் ஜியோஃப்ராய் தோரி அதைப் பிரெஞ்சுக்குப் பரிந்துரைத்தார். அதே நூற்றாண்டில் அது கடல் தாண்டி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. நமக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். 'நாடு', 'இல்லை' சேர்ந்தால் 'நாடில்லை'. உகரம் ஓடிவிடும் என்று நன்னூலில் விதியே உண்டு. ஓடிப்போன இடத்தில் அடையாளம் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

'உடைய' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் கொக்கிக்கும் இதேதான் பூர்வீகம். பழைய ஆங்கிலத்தில் அரசனுடைய பொருளைச் சொல்ல, சொல்லின் கடைசியில் ஓர் 'இ'யும் ஓர் 'எஸ்'ஸும் சேர்ப்பார்கள். கிட்டத்தட்ட 'கிங்கெஸ்' என்று ஒலித்திருக்கும். பேச்சில் 'இ' தேய்ந்தது. அது இருந்த இடத்தில் பின்னாளில் கொக்கி உட்கார்ந்தது. கிடைத்தது 'கிங்'ஸ்'.

அந்தச் சொல்லே பம்பாயின் மாட்டுங்காவுக்கும் வந்தது. 1896இல் பம்பாயைப் பிளேக் சூறையாடியது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவாகி, தாதர், மாட்டுங்கா பக்கத்து நிலங்களை மனை பிரித்துத் தெருக்கள் போட்டது. அப்படி எழுந்த பேட்டையின் வட்டப் பூங்காதான் கிங்'ஸ் சர்க்கிள். கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் நின்றால் அரசர் ஒருவர். பின்னால் போனால் பலர். பூங்காவின் பெயர் இப்போது மகேஸ்வரி உத்யான். ஹார்பர் லைன் ஸ்டேஷனுக்குப் பழைய பெயரே நீடிக்கிறது. ஆங்கிலத்தில் கொக்கியோடும் எழுதுகிறார்கள், இல்லாமலும் எழுதுகிறார்கள். மராத்திக்கும் தமிழுக்கும் அந்தக் கவலையே இல்லை. 2024 ஜூலையில், ஸ்டேஷன் பெயரைத் தீர்த்தங்கர் பார்ஷ்வநாத் என்று மாற்றக் கோரும் தீர்மானம் மகாராஷ்டிர சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொக்கி விஷயத்தில் லண்டன்காரர்கள் மட்டும் என்ன கறாரா? அங்கே பிக்கடில்லி லைனில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள் ஏர்ல்'ஸ் கோர்ட்டும் பேரன்ஸ் கோர்ட்டும். முன்னதற்குக் கொக்கி உண்டு, பின்னதற்குக் கிடையாது.

மாட்டுங்காவில் இந்தக் கொக்கியை நன்றாக அறிந்தவர்கள் டைப்பிஸ்ட்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு ரயிலேறி, ஃபோர்ட் ஆபீஸ்களில் வேலைக்கு அமர்ந்தவர்கள். பழைய ரெமிங்டன் மெஷின்கள் பலவற்றில் 8ஆம் எண்ணோடு ஷிஃப்டை அமுக்கினால் கொக்கி விழும். ஆச்சரியக்குறிக்குத் தனி விசை இருக்காது. கொக்கியை அடி, ஒரு எட்டுப் பின்னால் வா, கீழே புள்ளி வை. ஒற்றை மேற்கோளின் திறப்புக்கும் மூடலுக்கும் ஒரே விசை என்பதால் மெஷினில் கொக்கி வளைவை இழந்து நேர்க்கோடானது. கம்ப்யூட்டர் கீபோர்டில் இன்றும் அதே நேர்க்கோடுதான்.

போர்டு எழுதுபவர் கைக்கு வந்ததும் அது சட்டத்தை மறந்தது. மாட்டுங்காவில் பேர்பெற்ற மணி'ஸ் லஞ்ச் ஹோமின் பெயரில் குறி சரியான இடத்தில்தான் இருக்கிறது: மணியுடைய சாப்பாட்டுக் கடை. ஆனால் மெனு அட்டைகளில் 'இட்லி'ஸ்', 'ஜூஸ்'ஸ்' எல்லாம் சகஜம். எஸ் வந்தால் முன்னால் கொக்கி வரவேண்டும் என்று ஒரு மரியாதை! ஒன்றுக்கு மேற்பட்ட இட்லிக்கு வெறும் எஸ் போதும். 'ஜென்ட்'ஸ் டெய்லர்' என்று போட்டால் கணக்குப்படி வாடிக்கையாளர் ஒரே ஆள். சட்டை நன்றாகத் தைத்தால் அதையும் மன்னித்துவிடலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது மன்னிப்பு கிடைக்காது. அங்கே பலரை வழுக்கிவிடுவது 'இட்ஸ்'. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருள் நின்றால் கொக்கி போடலாம். நிற்காவிட்டால் எடுத்துவிட வேண்டும். 'ஹிஸ்', 'ஹெர்ஸ்' இரண்டுக்கும் கொக்கி இல்லாதபோது இதற்கு மட்டும் எதற்கு? சொல்லப்போனால் 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே அதைக் கொக்கியோடு தாராளமாக எழுதியிருக்கிறார்கள்.

தாராவிக்குள் நுழைந்தால் அதே விசைக்கு வேறு உத்தியோகம். அங்கே அது அடிக்கணக்கு. 90 ஃபீட் ரோட்டை 90' ரோடு என்று எழுதலாம். 10'க்கு 10' கோலி, அதாவது அறை, என்றால் வாடகை பேசுபவருக்கு அளவு புரிந்துவிடும். அச்சில் அடிக்குறி சாய்ந்த தனிக் கோடு. டைப்ரைட்டரில் அதற்கு இடம் இல்லாததால் அப்பாஸ்டிரஃபி அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தது.

செம்பூரில் சிலருக்குக் கொக்கி பெயரிலேயே இருக்கிறது. போர்த்துகீசிய 'தே சூசா'வில் ஓர் உயிரெழுத்து உதிர்ந்து டி'சூசா ஆனது. வெனிஸில் செய்த அதே வேலை. இன்றைய இணையப் படிவங்களில் பல இதை ஏற்பதில்லை. டேட்டாபேஸ் மொழியில் ஒரு சொல்தொடர் எங்கே முடிகிறது என்று காட்டுவது இந்தக் குறிதான். கவனமில்லாமல் எழுதிய புரோகிராம், டி'சூசா என்ற பெயர் 'டி'யோடு முடிந்ததாக நினைத்துக் குழம்பும். தடுமாற்றத்துக்குப் பயந்து குறியையே தடை செய்துவிடுகிறார்கள். ஒரு கார்டில் டிசூசா, இன்னொன்றில் நடுவே இடைவெளி, ஞானஸ்நானச் சான்றிதழில் மட்டும் கொக்கி. பாஸ்போர்ட்டுக்கோ வீட்டுப் பத்திரத்துக்கோ போகும்போது, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னால் அஃபிடவிட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.