அரண்மனை ஏவல் முதல் திரைப்படம் வரை: உயரம் குறைந்தோரைக் கண்டு சிரித்த வரலாறு

உயரம் குறைந்த ஒருவரைக் கண்டதும் சிரிப்பது மனித இயல்பு என்றே பலர் நம்புகிறார்கள். தமிழ் மூலங்களைக் கால வரிசையில் வைத்துப் படித்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. அந்த உடலுக்கு நம் சமூகம் ஓர் இடத்தையும் ஒரு வேலையையும் ஒதுக்கியது. சிரிப்பு அந்த ஒதுக்கீட்டோடு சேர்ந்தே வளர்ந்தது. அரண்மனையில் தொடங்கிய அந்த வேலை சர்க்கஸ் கூடாரத்துக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் கைமாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 28-ஆம் பாடலில், மக்கட் பிறப்பின் எட்டுக் குறைகளை அடுக்கி அவற்றால் பயனில்லை என்கிறார். கூனும் குறளும் (குள்ள உருவம்) அதில் உண்டு. சிலப்பதிகாரத்தில் இதே கூனரும் குறளரும் இரண்டு விதமாக வருகிறார்கள். புகார் நகரத்து இலஞ்சி மன்றத்தில் இவர்கள் நீராடி நல்லுடல் பெறும் நோயாளர்கள். வழக்குரை காதையிலோ பாண்டிமாதேவியைச் சூழ்ந்து வரும் சிறு ஏவலர்கள். பயனற்றவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு அரண்மனை ஒரு பயனைக் கண்டுபிடித்திருக்கிறது. அரசியின் அருகே அவர்கள் நிற்பதே அவளது பெருமையைக் கூட்டிக் காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டை உள்ளிருந்து காட்டுவது கலித்தொகையின் 94-ஆம் பாடல். அரண்மனைப் பணியாளர்களான குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் அதில் பேசிக்கொள்கிறார்கள். முதலில் ஒருவர் உடலை ஒருவர் குத்திக்காட்டுகிறார்கள். அந்த ஏச்சுகள் கூசவைப்பவை. பிறகு இணங்குகிறார்கள். இனி ஏளனம் வேண்டாம் என்று அரசன் அடியைத் தொட்டு ஆணையிடுகிறான் அவன். அவளுக்கு வேறொரு கவலை: பேயும் பேயும் துள்ளுவதாகச் சொல்லி அரண்மனையில் இருப்போர் சிரிப்பார்களே! அதனால் அவனைத் தனியே சோலைக்கு வரச் சொல்கிறாள். இது வெறும் நகைச்சுவைப் பாட்டு, ஏவலர் காதலை எள்ளிப் பாடியது, இதில் பரிவைத் தேடக்கூடாது என்று மறுக்கலாம். கேட்போர் சிரிக்கவே பாடல் புனையப்பட்டது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சிரிப்பவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதைப் புலவர் அந்தப் பெண்ணின் வாயாலேயே சொல்லவைக்கிறார். தங்களுக்குள் ஏளனத்தை நிறுத்திக்கொள்ள அவர்களால் முடிகிறது. அரண்மனையின் ஏளனத்தை நிறுத்த முடியாமல் அவர்கள்தாம் வெளியேற வேண்டியிருக்கிறது. இயல்பாக எழும் சிரிப்பு என்றால், அந்த ஆணைக்கு அங்கே இடமே இல்லை.

சிற்ப மரபைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்லலாம். நடராசர் திருவடியின் கீழ் அறியாமையின் உருவாகக் கிடக்கும் முயலகன் குள்ள உருவினன். வாமனன் வணங்கப்படுகிறார்; ஆனால் அவர் பெருமை உலகளக்க நெடிது வளர்ந்ததில் வைத்தே பேசப்படுகிறது.

அரசவைகள் மறைந்தபின் அந்த வேலை சர்க்கஸ் கோமாளியிடம் வந்து சேர்ந்தது. தமிழ்த் திரைப்படமும் அதையே எடுத்துக்கொண்டது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) இங்கே கவனமான வாசிப்பைக் கோருகிறது. கமல்ஹாசன் ஏற்ற, உயரம் குறைந்த அப்புவுக்குக் காதலும் அவமானமும் கூர்மதியும் உண்டு. கதையை நகர்த்துபவனே அவன்தான். அந்த அளவில் அது பெரிய பாய்ச்சல். எனினும் அவன் சர்க்கஸ்காரன். கருவுற்ற தாய்க்குப் பகைவர் புகட்டிய நஞ்சால் அப்படிப் பிறந்தவன். மருத்துவம் சொல்வது வேறு. உயரக் குறைவின் பரவலான வகையான அகோண்ட்ரோபிளாசியாவுக்குக் காரணம் ஒற்றை மரபணுவில் நேரும் மாற்றம் என்பது 1994-இல் தெளிவானது. அவ்வகையில் பிறப்போரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் பெற்றோர் வழக்கமான உயரமுள்ளவர்களே. ஊர்ப்பேச்சில் இன்னும் உலவும் சாபமும் பாவமும் இதில் எங்கும் இல்லை. மீண்டும் படத்துக்கு வந்தால், அது வெளிவந்தபோது பார்வையாளர்கள் வியந்து கேட்டதும் அப்புவாக நடிக்கக் கமல் காலை எப்படி மறைத்தார் என்பதைத்தான்.

சர்க்கஸும் சினிமாவும் சோறு போட்டனவே என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பிரான்சில் உயரம் குறைந்தவரான மானுவேல் வாக்கன்ஹைம் என்பவர், பார்வையாளர்கள் தம்மைத் தூக்கி எறியும் கேளிக்கையைத் தொழிலாகக் கொண்டிருந்தார். அதற்கு விதித்த தடையை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1995-இல் மனித மாண்பின் பெயரால் உறுதி செய்தது; ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2002-இல் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. வேலை இருப்பதே மாண்பு என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை என்பேன். மற்ற வாசல்கள் அடைபட்டிருக்கும்போது ஒருவர் தரும் இசைவைக் காட்டி ஏளனத்தை நியாயப்படுத்த முடியாது. வாசல்களைத் திறக்காமல் தடை மட்டும் போடுவதும் அவரைப் பட்டினியில்தான் விடும்.

இந்தியச் சட்டம் வாசல்களைத் திறக்கும் இந்தப் பக்கத்தைத் தொட்டது அண்மையில்தான். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் உயரக் குறைவைத் தனியே குறிப்பிடவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வயது வந்தோரில் 147 சென்டிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ளவர்களைச் சேர்த்தது. பிறர் அறிய வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்றது. மாற்றுத்திறனாளிகளை இழிவாக்கும் நகைச்சுவையையும், அவர்கள் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் பிரித்துக் காட்டியது. எனவே கலைக்கே பூட்டுப் போடுகிறார்கள் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. வேலைவாய்ப்பில்தான் சட்டம் கஞ்சத்தனம் காட்டுகிறது: அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில், உயரம் குறைந்தோர் 1 விழுக்காட்டை மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு உள்ளோர், தொழுநோயிலிருந்து குணமானோர், அமில வீச்சுக்கு ஆளானோர் உள்ளிட்ட இயக்கக் குறைபாட்டுப் பிரிவினர் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.