கரு வளர்ச்சிப் பாடம் பள்ளிக்கு வந்த வரலாறு: கடியப்பட்டணம் கடற்கரையை முன்வைத்து

கருவில் குழந்தை வளரும் முறையையும் கர்ப்ப காலப் பராமரிப்பையும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பது இன்று தமிழகப் பாடத்திட்டத்தின் பகுதி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் 'தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்' என்ற அலகில் கருவுறுதல் முதல் மகப்பேறு வரை சொல்லப்படுகிறது. இந்த அறிவு முதலில் மருத்துவச்சிகளிடம் இருந்தது. பின்னர் மிஷன் மருத்துவமனைகளுக்கும் மருத்துவ நூல்களுக்கும் சென்றது. பள்ளி நூலுக்கு மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்தை ஒட்டி அரபிக்கடலோரம் அமைந்த மீனவ ஊரான கடியப்பட்டணத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பயணத்தின் பெரும்பகுதி தெரியவரும்.

கடற்கரையும் பேறுகாலமும்

1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை கல்குளம் வட்டம் திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்தது. கடலோர ஊர்களில் ஆண்கள் கடலுக்குப் போக, வீட்டின் வரவுசெலவும் கடன் கொடுக்கல் வாங்கலும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. மானிடவியலாளர் கல்பனா ராம் குமரிக் கடற்கரை முக்குவப் பெண்களைப் பற்றி எழுதி 1991ல் வெளியிட்ட நூல் இந்த வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்கிறது. பேறுகாலமும் பெண்களின் வட்டத்துக்குள்ளேயே நடந்தது. மசக்கை, பத்தியம், பிள்ளை புரள்வது, பனிக்குடம் உடைவது என எல்லாவற்றுக்கும் சொற்கள் இருந்தன. மூத்த பெண்களிடமும் மருத்துவச்சியிடமும் அனுபவ அறிவு இருந்தது. ஆனால் அந்த அறிவு மணமான பெண்ணுக்கு, அதுவும் அவள் சூல் கொண்ட பிறகுதான் சொல்லப்பட்டது. கன்னிப் பெண்ணின் காதில் அது விழக்கூடாது என்பது வழக்கம். ஆண்களுக்கோ அது சொல்லப்படவே இல்லை. பிற்காலத்தில் வந்த மருத்துவமனையும் இந்த வரிசையை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடியப்பட்டணத்திலிருந்து உள்நாட்டில், அதிகத் தொலைவில்லாத நெய்யூரில் 1838ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் லண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் அங்கு பணியாற்றிய ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். எவரெஸ்ட் ஏறும் முயற்சிகளில் பங்கெடுத்த சாமர்வெல் 1920களில் இங்கே வந்து நீண்டகாலம் அறுவை மருத்துவராக இருந்தார். திருவனந்தபுரத்தில் 1916ல் மகப்பேறு மருத்துவராகப் பணியேற்ற மேரி புன்னன் லூக்கோஸ், மருத்துவச்சிகளை எதிரிகளாகப் பார்க்காமல் அவர்களுடைய குடும்பத்துப் பெண்களையே பயிற்சிக்கு அழைத்தார். மருத்துவமனையைக் கண்டு அஞ்சிய வீடுகளுக்குள் நுழைய அதைவிட நல்ல வழி அன்று இருந்திருக்க முடியாது.

தமிழில் வந்த பிரசவ நூல்

மருத்துவம் தமிழில் அச்சேறியதில் யாழ்ப்பாணத்துக்கு முதலிடம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் கற்பித்தலைத் தமிழிலேயே நடத்தினார். அவரது முயற்சியில் மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் 1857ல் தமிழில் வந்தது. இன்னொரு நூல் இங்கே கூடுதல் கவனத்துக்குரியது. 1850களில் வந்த 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது அமெரிக்கப் பள்ளிகளுக்கென கால்வின் கட்டர் எழுதிய உடலியல், உடல்நலப் பாடநூலின் தமிழ் வடிவம். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆயினும் உடலைப் பற்றிய அறிவு மருத்துவ மாணவருக்கு மட்டும் உரியதில்லை என்ற எண்ணத்தை அது தன்னோடு கொண்டுவந்தது.

கிறீனின் பணி குமரி மாவட்டத்தையும் தொட்டது. அவருடைய வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875ல் நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில்தான் அச்சானது. அதே நகரில் 1819லேயே பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய டதி பள்ளி அதன் தொடர்ச்சி. அச்சகமும் பெண்கள் பள்ளியும் மருத்துவமனையும் ஒரே மிஷனின் கீழ், ஒருநாள் பயணத் தொலைவுக்குள் இருந்தன. அப்படியிருந்தும் கர்ப்பத்தைப் பற்றிய பாடம் பள்ளிப் பெண்களின் வகுப்பறைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம் நூல் இல்லாமை என்று சொல்ல முடியாது. கன்னிப் பெண்ணிடம் பேசக்கூடாத பொருள் என்று ஊர் நினைத்ததையே மிஷனும் நினைத்தது.

கருவைப் பற்றி அறிவியல் அறிந்தது

கருவின் தொடக்கத்தை அறிவியலும் தாமதமாகவே கண்டது. பாலூட்டிகளின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் பான் பேர் 1827ல் முதன்முதலாக அடையாளம் கண்டார். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை ஆஸ்கர் ஹெர்ட்விக் 1875ல் நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் பார்த்தது மனித முட்டையை அன்று. கடற்பாறைகளில் ஒட்டிக்கிடக்கும், முட்கள் சூழ்ந்த உருண்டையான கடல் அர்ச்சின் என்ற உயிரியின் முட்டையை. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் முட்டை என்பதால் அது வசதியாக இருந்தது. பாறைக்கடலை அறிந்த ஊரில் கருவுறுதலைச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

கர்ப்பிணியின் உணவைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்பு ஒன்றில் இந்தியாவுக்கும் தமிழகத்துக்கும் பங்குண்டு. ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1928ல் பம்பாய்க்கு வந்து, ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளிடம் கண்ட கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சில காலம் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தச் சோகையைத் தீர்த்தது. அதிலிருந்த, அன்று பெயர் தெரியாத பொருள் பின்னர் போலிக் அமிலம் என அறியப்பட்டது. 1941ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு அப்பெயர் வைத்தார்கள்.

அந்த அமிலத்தின் இன்னொரு வேலை உறுதிப்பட மேலும் அரை நூற்றாண்டு ஆனது. கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து குழலாகிறது. பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது இந்த நரம்புக் குழல்தான். அது சரியாக மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைபாடுகள் உண்டாகும். கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு மீண்டும் அது நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைவதை 1991ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு காட்டியது. குழல் மூடுவது கருவுற்ற சுமார் 28ஆம் நாளுக்குள். நாள் தள்ளிப்போனதா என்று பெண் எண்ணத் தொடங்கும் நேரம் அது. மருத்துவமனையில் பெயர் பதிந்து மாத்திரை வாங்கும்போது அந்தக் கட்டம் முடிந்திருக்கும்.

ஆகவே சூல் கொண்ட பிறகு சொல்லித்தருவது என்ற பழைய வரிசை, இந்த ஒரு செய்தியைப் பொறுத்தவரை, எப்போதும் தாமதமாகவே அமையும். மணத்துக்கும் கர்ப்பத்துக்கும் முன்பு பெரும்பாலான பெண்களும் ஆண்களும் கூடியிருக்கும் கடைசி இடம் பள்ளி.

நச்சுகூடி ஒரு சுவர் போலக் கருவைக் காக்கிறது என்ற நம்பிக்கையும் உடைந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கு உட்கொண்ட தாலிடோமைடு மருந்தால் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தது 1961ல் வெளிப்பட்டது. தாய் அருந்தும் மதுவால் குழந்தைக்கு உண்டாகும் குறைகளின் தொகுதிக்கு 1973ல் பெயரிடப்பட்டது.

மணலைப் பற்றிய அச்சம்

இக்கடற்கரைக்கே உரிய ஒரு கேள்வி உண்டு. கடியப்பட்டணத்தை அடுத்த மணவாளக்குறிச்சியின் மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பது 1909 முதல் அறியப்பட்டது. அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் அங்கே உள்ளது. இயற்கைக் கதிரியக்கம் கருவைப் பாதிக்குமா? இதே வகை மணல் உள்ள கேரளக் கடற்கரையில் டவுன் குறைபாடு கூடுதலாக இருப்பதாக 1976ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் முறை பற்றிக் கடுமையான எதிர்வாதங்கள் எழுந்தன. 1995 முதல் கொல்லம் பகுதி மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்த ஆய்வு, கதிரியக்க அளவோடு பிறவிக் குறைபாடுகள் கூடுவதைக் காணவில்லை. அந்த முடிவு கேரளப் பகுதிக்குரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு விடை தந்தால் எதை, ஏன் நம்புவது என்று மாணவர்களுக்குக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு. பாடநூல் எதிலும் இல்லாவிட்டாலும் இந்த ஊர் ஆசிரியருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

பாடம் வந்த விதம்

விடுதலைக்குப் பின் பள்ளிக்குள் இப்பொருள் நுழைந்தது மக்கள்தொகைக் கல்வி என்ற பெயரில். 1969ல் பம்பாயில் அதற்கான தேசியக் கருத்தரங்கு நடந்தது. 1980ல் தேசியத் திட்டம் தொடங்கியது. அதன் அக்கறை எண்ணிக்கையைப் பற்றியது. சிறு குடும்பம் ஏன் வேண்டும் என்று விளக்கிய அளவுக்கு, தாயின் உடலில் என்ன நடக்கிறது என்று அது விளக்கவில்லை. எய்ட்ஸ் பரவிய பின் அக்கறை நோய்த் தடுப்பை நோக்கித் திரும்பியது. 2005ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தின் கையேடுகள் 2007ல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதை நிறுத்தின. அந்தச் சச்சரவில் கர்ப்ப காலப் பராமரிப்பு என்ற, யாரும் மறுக்காத பகுதியும் அடிபட்டுப்போனது.

தமிழகத்தின் இன்றைய நூல்களில் எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமும், பத்தாம் வகுப்பில் கருவுறுதலும் 280 நாள் கர்ப்ப காலமும் சீம்பாலும், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலனும் இடம்பெறுகின்றன. விலங்கியல் எடுக்காத மாணவருக்குப் பத்தாம் வகுப்போடு இது முடிந்துவிடுகிறது. நூலில் உள்ளதெல்லாம் வகுப்பில் பேசப்படுவதும் இல்லை. 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் பக்கம் புரட்டும் பாடங்களில் இது முதன்மையானது. படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் தேர்வுக் கேள்வி, பாகங்களின் பெயரை மனப்பாடமாக்குகிறது. 28ஆம் நாளைப் பற்றி அது கேட்பதில்லை.

தமிழகத்தின் மகப்பேற்றுச் சாதனை சிறியதன்று. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97 ஆக இருக்க, இங்கு 54. பிரசவங்கள் ஏறத்தாழ எல்லாமே மருத்துவமனைகளில் நடக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987ல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை பின்னாளில் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருந்தது. மருத்துவமனை வாசலை எட்டியபின் நடப்பவை நன்றாக நடக்கின்றன. குறை அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது.

அந்த ஆண்டுகளுக்காகவே 2013 முதல் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு நீல நிற மாத்திரை வழங்கப்படுகிறது. இரும்புச் சத்தோடு 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அதில் உண்டு. மாத்திரை மதிய உணவுக்குப் பின் வருகிறது. கருவின் படம் அறிவியல் வகுப்பில் வேறொரு நாள் வருகிறது. லூசி வில்ஸ் தேடிய பொருள்தான் கையிலிருக்கும் மாத்திரையில் இருக்கிறது என்பதையும், மாணவிகளோடு மாணவர்களுக்கும் அது தரப்படுவதன் காரணத்தையும் பத்தாம் வகுப்பு ஆசிரியர் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.