பயன்படுத்திய அணு எரிபொருளின் ரயில் போக்குவரத்து: அமெரிக்கப் பாதுகாப்புக் கண்காணிப்பு

அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை ரயிலில் கொண்டு செல்லும்போது மக்களையும் சுற்றுச்சூழலையும் காக்க, அமெரிக்காவில் பல அமைப்புகள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு மேற்பார்வை செய்கின்றன. எரிபொருளை அடைக்கும் கலனுக்கு ஓர் அமைப்பும் வண்டிக்கும் பாதைக்கும் வேறோர் அமைப்பும் பொறுப்பு.

பின்னணி

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கடும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் வெளியிடும் என்பதால், முதலில் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் வைத்துக் குளிர்விக்கிறார்கள். பிறகு கனமான உலோகச் சுவர் கொண்ட கலனில் அடைத்து அனுப்பலாம். நிரப்பிய ரயில் கலன் பொதுவாக 100 டன்னுக்கு மேல் எடையுள்ளது. இவ்வளவு எடையை அதிகத் தொலைவு கொண்டுசெல்ல இருப்புப்பாதையே ஏற்றது. அமெரிக்கக் கடற்படை தன் உலைகளின் எரிபொருளை 1957 முதல் ரயிலில் ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பிவருகிறது. திரீ மைல் தீவு விபத்தில் உருகிய உலையின் எச்சங்களும் 1986க்கும் 1990க்கும் இடையில் ரயிலில்தான் ஐடஹோ சென்றன.

கலனுக்கான சோதனைகள்

கலன் வடிவமைப்புக்குச் சான்று தருவது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். 9 மீட்டர் உயரத்திலிருந்து சற்றும் நெகிழாத தளத்தில் விழுவது, 1 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தண்டின் மேல் விழுவது, 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் இருப்பது ஆகியவற்றைக் கலன் அடுத்தடுத்துத் தாங்க வேண்டும். நீரில் மூழ்கும் சோதனையும் உண்டு. வண்டியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டை மீறக்கூடாது. முழு அளவுக் கலனைச் சோதிப்பது கட்டாயமில்லை. சிறிய மாதிரியையும் கணக்கீட்டையும் கொண்டு நிறுவவும் விதிகள் இடம் தருகின்றன. இதை விமர்சகர்கள் தொடர்ந்து எதிர்க்கிறார்கள்.

ரயிலும் பாதையும்

போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கும் கூட்டாட்சி ரயில்வே நிர்வாகம், இத்தகைய ரயில்களுக்கென 1998இல் தனி மேற்பார்வைத் திட்டத்தை வெளியிட்டது. தண்டவாளம், சிக்னல், இன்ஜின், வேகன், இயக்க நடைமுறை, ஆபத்தான சரக்கைக் கையாளும் முறை என ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறை ஆய்வாளர்கள் பரிசோதிக்கிறார்கள். கதிரியக்கச் சரக்கு வேகன் இன்ஜினை ஒட்டியோ ஆட்கள் இருக்கும் பெட்டியை ஒட்டியோ நிற்கக்கூடாது. இடையே வேறு வேகன் இருக்க வேண்டும். அமெரிக்க ரயில்வே நிறுவனங்களின் சங்கம் பரிந்துரைக்கும் உச்ச வேகம் மணிக்கு 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர்.

இச்சங்கம் 2003இல் கொண்டுவந்த எஸ்-2043 தரநிலை முழு ரயிலையும் ஒரே அமைப்பாகக் கருதுகிறது. சக்கரத்தின் தட்டையான தேய்வு, பேரிங்கின் நிலை, பெட்டியின் ஆட்டம், பிரேக்கின் செயல்பாடு ஆகியவற்றை ஓடும்போதே கண்காணிக்கும் கருவிகளை இது கோருகிறது. இத்தரநிலைக்கேற்ப எரிசக்தித் துறை உருவாக்கிய 12 அச்சு அட்லஸ் வேகனுக்கு 2024இல் சங்கத்தின் ஒப்புதல் கிடைத்தது.

பால்டிமோர் தீ விபத்தும் சுரங்க விதியும்

2001 ஜூலை 18 அன்று பால்டிமோர் நகரின் ஹோவர்டு தெருச் சுரங்கப்பாதையில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு, எரியும் திரவம் கசிந்து பெருந்தீ மூண்டது. அந்த ரயிலில் அணு எரிபொருள் இல்லை. ஆயினும், இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கணினி மாதிரிகளால் ஆராய்ந்தது. சில கலன் வகைகளில் மூடியின் அடைப்பு வளையங்கள் தாம் தாங்கும் வெப்பத்தைக் கடக்கக்கூடும் எனத் தெரிந்தது. இதன் தொடர்ச்சியாக ரயில்வே சங்கம் தன் நடைமுறையைத் திருத்தியது. ஒரே குடைவில் இரட்டைப் பாதை உள்ள சுரங்கத்துக்குள் அணு எரிபொருள் ரயிலும் எரியும் திரவமோ வாயுவோ ஏற்றிய ரயிலும் சந்திக்கலாகாது. ஒன்று முழுமையாக வெளியேறும் வரை மற்றொன்று வெளியே நிற்க வேண்டும். உயிர்ச்சேதத்துக்குக் காத்திராமல், வேறொரு ரயிலின் விபத்திலிருந்து பாடம் கற்று விதியை மாற்றியது இத்துறையின் மிக முக்கியமான முன்னுதாரணம்.

காவலும் உள்ளூர் ஆயத்தமும்

ரயிலுடன் ஆயுதமேந்திய காவலர்கள் செல்வார்கள். வழியிலுள்ள மாநில ஆளுநர்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு போகும். பயண நேரம் பொதுமக்களுக்கு வெளியிடப்படாது. விபத்து நேர்ந்தால் முதலில் வந்து சேர்பவர்கள் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களே. 1982ஆம் ஆண்டின் அணுக்கழிவுக் கொள்கைச் சட்டம், அச்சட்டத்தின்கீழ் எரிசக்தித் துறை நடத்தும் போக்குவரத்துக்காக, மாநிலங்களுக்கும் பழங்குடிகளுக்கும் பயிற்சி உதவி தர அத்துறையைக் கடமைப்படுத்துகிறது.

மதிப்பீடு

இப்போக்குவரத்துக்கு அடிப்படையான தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை என்று அமெரிக்கத் தேசிய அகாடமிகளின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதே அறிக்கை நீண்ட நேரம் எரியும் தீயைக் கூடுதலாக ஆராயவும், பெரும்பாலும் ரயிலையே, அதிலும் வேறு சரக்கு ஏற்றாத தனி ரயிலையே பயன்படுத்தவும் வலியுறுத்தியது. நிரந்தரச் சேமிப்பிடத்துக்கான யக்கா மலைத் திட்டம் முடங்கியதால் அணுமின் உலைகளின் எரிபொருள் பெரும்பாலும் அந்தந்த வளாகங்களிலேயே தேங்கிக் கிடக்கிறது. நிரந்தரச் சேமிப்பிடம் ஒன்று திறக்கப்பட்டால் பயணங்கள் பன்மடங்கு பெருகும். ஆய்வாளர் எண்ணிக்கையும் தீயணைப்பு வீரர்களின் பயிற்சியும் அதற்கு முன்பே அந்த அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும்.