கல்லாறும் கல்லாரும்: வசையாகிப் போன சொற்களின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன் கல்லாற்றைக் கடந்தாக வேண்டும். பாறைகளுக்கு நடுவே ஓடி வாமனபுரம் ஆற்றுக்கு நீர் சேர்க்கும் ஆறு, ஆதலால் கல்லாறு. மலையாளத்தில் இந்த ஊரின் பெயரைக் 'கல்லார்' என்று எழுதுவார்கள். மலையாள ஊர்ப்பெயர்களில் 'ஆறு' என்பது 'ஆர்' என்று குறுகுவது வழக்கம். ஆனால் அதை அப்படியே தமிழில் எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். 'கல்லார்' என்றால் படிக்காதவர்கள். வள்ளுவர் 'கல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்தாரே, அவர்கள்தாம். ஒரே ஆறு, ஒரு காதுக்கு இயற்கைப் பெயர், இன்னொரு காதுக்கு இகழ்ச்சி.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் கல்லாற்றுப் பக்கம் மூன்று பேச்சுகள் அருகருகே வாழ்கின்றன. காணிக்காரர் பேசும் மலம்பாஷை, சமவெளியிலிருந்து குடியேறியவர்களின் மலையாளம், பொன்முடி, போணக்காடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த நம்மவர்களின் தமிழ். மூன்றும் உறவு மொழிகள். உறவுக்காரர்களுக்குள்தானே மனத்தாங்கல் அதிகம் வரும்! எந்தச் சொல் யாருக்கு வசை, ஏன் வசை, அதைக் கேட்டு யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை, பிற மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாம் அறிந்திருப்பது நல்லது.

சொல் ஒன்று, காது இரண்டு

விஜய் நடித்த 'தெறி' 2016இல் வெளியானது. தமிழனுக்கு அது நெருப்புப் பொறி தெறிப்பது, பந்து தெறிப்பது. மலையாளத்தில் 'தெறி' என்றாலே கெட்ட வார்த்தை என்றுதான் பொருள். நம் கல்லூரிப் பிள்ளைகள் "தெறி பாக்கப் போறேன்"னு சொன்னபோது மலையாளத் தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

'பட்டி' இன்னொரு சொல். நமக்கு ஆடுமாடு அடைக்கும் இடம், சிற்றூர். மலையாளிக்கு நாய். தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல சொந்த ஊரு எதுன்னு கேப்பாங்க ஐயா. எங்க ஊரு பேரு பட்டின்னு முடியும். சொன்னா வகுப்பே சிரிக்கும். அதனால எம்மவன் திருநெல்வேலின்னு மட்டும் சொல்லிப் பழகிட்டான்." பையன் சொந்த ஊரின் பெயரையே விழுங்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பள்ளியில் ஒருவரும் அவனைத் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. திருநெல்வேலியில் 'ஏலே' என்பது நெருக்கம். சென்னையில் அதுவே மரியாதைக் குறைவு. நாஞ்சில் நாட்டுத் தாய்மார் பிள்ளையைச் 'சவமே' என்று வைவதில் உள்ள வாஞ்சை, சிறு குழந்தையையும் 'வாங்க, போங்க' என்று அழைக்கும் கொங்குநாட்டார் காதில் ஏறாது.

காலமும் சொல்லைப் புரட்டிவிடும். 'நாற்றம்' ஆண்டாள் காலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்தச் செய்வது. 'மயிர்' என்ற சொல்லை இன்று சபையில் சொல்லக் கூசுகிறோம். மலையாளத்தில் அதன் திரிபு கடுமையான வசை. ஆனால் திருக்குறளில், அதுவும் 'மானம்' என்னும் அதிகாரத்திலேயே, அது இரண்டு முறை வருகிறது. ஓரிடத்தில் கவரிமாவின் உயிருக்கு நிகரானது. மற்றோரிடத்தில் தலையை விட்டு உதிர்ந்து மதிப்பிழந்தது. பின்னாளில் வசையானதற்கான வித்து அந்த இரண்டாவது உவமையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. இடத்தை விட்டு இறங்கியது இழிந்தது என்ற எண்ணம்தான் அது.

பச்சையாகப் பேசுவதும் பழித்துப் பேசுவதும்

நம் இலக்கணிகள் இதில் தெளிவாக இருந்தார்கள். சபையில் சொல்லத் தகாததைத் தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. அதை மறைத்துச் சொல்வதை நன்னூலார் 'இடக்கரடக்கல்' என்றார். வசை வேறு. அதைத் தொல்காப்பியம் 'அங்கதம்' என்று தனியே வைத்து, வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என்று பிரித்தது. அதாவது, கூசத்தக்க சொல் ஒன்று, ஆளைப் பழிக்கும் சொல் வேறொன்று. இன்று இரண்டையும் 'கெட்ட வார்த்தை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

கூசத்தக்க சொல் ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசுவோர் கோபம் வந்தால் மாதா கோயில் பூசைப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். மதகுருமாரின் ஆதிக்கம் நெடுங்காலம் நீடித்த சமூகம் அது. டச்சுக்காரர்கள் காலரா, புற்றுநோய் என்று நோயின் பெயரால் வைவார்கள். நாம் தாயையும் சாவையும் சாதியையும் இழுப்போம். எந்தச் சமூகம் எதற்கு அஞ்சுகிறதோ, எதைப் போற்றுகிறதோ, அதிலிருந்துதான் அதன் வசை பிறக்கிறது.

அதே கூசத்தக்க சொல் இடம் மாறினால் வழிபாடும் ஆகும். கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் மீன மாதப் பரணி விழாவுக்கு வரும் வெளிச்சப்பாடுகளும் பக்தர்களும் அம்மனை நோக்கிப் பாடும் பாட்டுகளில், வீட்டில் உச்சரிக்க முடியாத சொற்கள் நிறைய உண்டு. 'தெறிப்பாட்டு' என்றே அதற்குப் பெயர். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் அது என்று மரபாகச் சொல்லப்படுவதால், தமிழர்களுக்கும் அதில் ஒரு தனிப் பற்று. வெளியூரிலிருந்து புதிதாகப் போகிறவர் காதைப் பொத்திக்கொள்வார். பாடுகிறவரோ கைகூப்பி, கண்ணீர் மல்கத் திரும்புகிறார். பச்சைச் சொற்கள் நிறைந்த அந்தப் பாட்டில் அவமதிக்கப்படுபவர் யாரும் இல்லை.

பச்சை இல்லாத வசைகள்

இனி மறுபக்கம். 'பாண்டி' என்பதில் ஆபாசம் ஏதாவது உண்டா? பாண்டிய நாட்டைக் குறிக்கும் பெயர். கேரளக் கோயில்களில் செண்டையும் கொம்பும் முழங்கும் 'பாண்டி மேளம்' பெருமைக்குரியது. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளம் அதுதான். ஆனால் பேருந்தில் தமிழ் பேசும் பையனைப் பார்த்து "எடா பாண்டி" என்றால், மதுரையை ஆண்ட மன்னர் யாருக்கும் நினைவு வருவதில்லை. லாரி ஓட்டுபவர், சுமை தூக்குபவர், கட்டட வேலைக்கு வந்தவர் என்ற படம்தான் வருகிறது. 'அண்ணாச்சி'யும் அப்படியே. நெல்லைச் சீமையில் கடை முதலாளிக்கும் ஊர்ப் பெரியவருக்கும் உரிய மரியாதைச் சொல், மலை தாண்டியதும் தமிழன் எவனுக்கும் ஒட்டும் கேலிப் பெயராகிவிட்டது.

இதிலும் விசித்திரமானது 'பரதேசி'. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூத ஆலயத்தின் பெயரே பரதேசி சினகாக். அயல்நாட்டிலிருந்து வந்தவர்களுடையது என்பது மட்டுமே அங்கே பொருள். திருவிதாங்கூரில் அரசுப் பதவிகளில் நிறைந்திருந்த தமிழ்ப் பிராமணர்களையும் பரதேசிப் பிராமணர் என்றார்கள். பதவிகள் உள்ளூராருக்கே வேண்டும் என்று பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை முதலியோர் முன்னின்று, 10,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, 1891இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் கொடுத்த மலையாளி மெமோரியல் இவர்களுக்கு எதிராக எழுந்ததுதான். அங்கே பரதேசி என்றால் அதிகாரத்தில் இருந்த அந்நியன். நம் தமிழிலோ அது ஊர் ஊராய்ப் பிச்சை எடுப்பவனைக் குறித்து வசையாயிற்று. அந்த வசையையே 2013இல் பாலா தம் படத்துக்குத் தலைப்பாக்கினார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பட்ட பாட்டை, பி. எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவிச் சொன்ன படம் அது. கல்லாற்றுக்கு மேலே கொழுந்து கிள்ளியவர்களும் அந்தப் பெரிய பயணத்தின் ஒரு கிளையினர்தாம்.

ஏழையின் வீடும் வசையாகும். மலையாளத்தில் 'செற்ற' என்றால் ஓலைக்குடிசை. இன்று அது அயோக்கியன் என்று திட்டும் சொல். 'சேரி' என்பது சங்க காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் மட்டுமே. 2023 நவம்பரில் நடிகையும் அரசியல்வாதியுமான குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதி எதிர்ப்பு எழுந்தபோது, பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அன்புக்குரியது என்று பொருள் என விளக்கம் சொன்னார். பிரெஞ்சில் அப்படி ஒரு சொல் உண்டுதான். ஆனால் கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். எத்தனை அகராதி காட்டினாலும், கேட்பவர் வாழ்வில் அந்தச் சொல் பட்ட தழும்பை அழிக்க முடியாது.

சட்டமும் ஏறத்தாழ இந்த வழியில்தான் வந்திருக்கிறது. கொச்சையான பேச்சு என்ற ஒன்றினாலேயே அது ஆபாசக் குற்றம் ஆகிவிடாது என்று 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பறையர் என்னும் ஒரு சமூகத்தின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகெங்கும் உலவுவதை எண்ணும்போது, நாம் வசைக்கு ஆளானவர்கள் மட்டுமல்ல, வசையை ஏற்றுமதி செய்தவர்களும்தான் என்பது விளங்கும்.

கடல் கடந்தவர் கண்ட பதில்கள்

உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம் 'கூலி'. 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். அங்கே கூலி என்பது இந்தியர் அனைவருக்குமே இழிபெயராயிற்று. 1893இல் அங்கு சென்ற காந்தியையும் கூலி பாரிஸ்டர் என்றார்கள். தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி'யையும் பிடித்துக்கொண்டு, இந்தியர் எவரையும் அப்படி ஏளனமாக அழைத்தார்கள். சில இந்தியர்கள் அதற்குச் சொன்ன பதிலைக் காந்தி தம் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் அல்லவே என்பார்களாம். கேட்ட வெள்ளைக்காரர்களில் சிலர் கூசினார்கள், சிலர் சீறினார்கள்.

மலாய் நாட்டில் 'கிளிங்'. கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் அது மதிப்போடு நிற்கிறது. தோட்டக்காட்டுக் காலத்துக்குப் பின் அதே சொல் வசையானது. 2003இல் மலேசிய இந்திய முஸ்லிம் அமைப்புகள், அந்நாட்டின் காமுஸ் டேவான் அகராதியிலிருந்து அச்சொல்லை நீக்க வேண்டும் என்று கோரின.

ஆக, நம்மவர்கள் மூன்று விதமாக நடந்திருக்கிறார்கள். சிலர் ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டார்கள். சிலர் பொருளைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் ஒன்றுகூடி முறையிட்டார்கள். முதல் வழியில் சண்டை இல்லை. ஆனால் இரண்டே தலைமுறையில் மொழி போய்விடுகிறது. "பஸ்ல தமிழ் பேசாதீங்கப்பா"ன்னு பிள்ளை கெஞ்சும் வீடுகளை நான் அறிவேன்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

நம் பிள்ளைகளுக்குப் பாண்டி என்ற சொல்லின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாண்டி மேளம் கேட்கவும் அழைத்துப் போக வேண்டும். யாராவது அப்படிக் கூப்பிட்டால், அடிக்கவும் வேண்டாம், அசடு வழியவும் வேண்டாம். "எம் பேரு இது, அப்படியே கூப்பிடு"ன்னு சொல்லும் தைரியம் போதும். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை குமரி மாவட்டத்துத் தமிழரும் நெடுமங்காட்டு மலையாளிகளும் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே ஆட்சியின் குடிகளாக இருந்தவர்கள் என்பதையும் பிள்ளை அறிந்திருந்தால், தான் யாருடைய தயவிலும் நிற்கவில்லை என்பது அதற்குப் புரியும்.

இன்னொன்றும் உண்டு. அது நம் நாக்கைப் பற்றியது. கல்லாற்றுக் காணிக்காரரைக் 'காட்டான்' என்று சொல்லும் தமிழ் வாய்களும் மலையாள வாய்களும் உண்டு. 'காணி' என்றால் தமிழில் நிலம், நிலவுரிமை. அந்தச் சமூகத்தில் பிறந்து, கல்லாற்றுக் காட்டில் மூலிகை வைத்தியம் செய்து 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் லட்சுமிக்குட்டி அம்மா. அவரைக் கேரள மக்கள் 'வனமுத்தச்சி', அதாவது காட்டுப் பாட்டி, என்று அன்போடு அழைக்கிறார்கள். காட்டான் என்பதிலும் காடுதான் இருக்கிறது, வனமுத்தச்சி என்பதிலும் காடுதான் இருக்கிறது. முன்னதைச் சொல்பவர் மேலிருந்து பார்க்கிறார். பின்னதைச் சொல்பவர் ஒரு பாட்டியின் முன் நிற்கிறார்.

பாண்டி என்றால் நமக்கு வலிக்கிறது. அந்த வலியை அறிந்தவர்கள், காட்டான் என்றும் சேரிக்காரன் என்றும் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். நம் பிள்ளைகள் தமிழைத் தலைநிமிர்ந்து பேச வேண்டும் என்று இம்மலரின் வழியாகக் கேட்கும் நான், அந்தத் தமிழில் இந்தச் சொற்கள் இல்லாமல் இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.