நாடு என்னும் சொல்லும் அதன் எல்லைக்கோடும்

நாடு என்றதும் இன்றைய எழுத்துத் தமிழில் முதலில் தோன்றும் பொருள் ஓர் அரசின் ஆட்சிக்கு உட்பட்ட பெருநிலம் என்பதே ஆயினும், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அச்சொல் சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதிக்கே பெயராக நிற்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு, திருப்புலி நாடு எனத் தொடரும் அம்மலையின் பதினான்கு பிரிவுகளும் இன்று பதினான்கு ஊராட்சிகள். அறப்பளீசுவரர் கோயில் வளப்பூர் நாட்டில் உள்ளது என்று ஒருவர் சொல்லும்போது அவர் கையாளும் பொருள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டு எழுதியவன் கையாண்ட பொருளுக்கு மிக அண்மையில் இருக்கிறது. சமவெளியில் பெரும்பாலும் மறைந்துபோன அப்பொருள் மலைமேல் எவ்வாறு நிலைத்தது என்பதும், வரைபடம் வந்து சேர்ந்தபோது அச்சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதும் சேர்த்தே ஆராயத்தக்கவை.

கன்னடத்திலும் தெலுங்கிலும் 'நாடு' என்றே வழங்கி, மலையாளத்தில் ஏறநாடு, வள்ளுவநாடு, குட்டநாடு, வயநாடு முதலிய பெயர்களில் நிலைபெற்று, குடகு மொழியிலும் நீலகிரியின் தோதர், கோத்தர் மொழிகளிலும் ஒலி திரிந்து காணப்படும் இச்சொல், திராவிட மொழிகளின் பழைய பொதுச்சொத்து. விடு என்பது வீடு என்றும், கெடு என்பது கேடு என்றும் முதல் நீண்டு பெயராவது போல, 'நடு' என்னும் வினையே நீண்டு 'நாடு' ஆயிற்று என்று கொள்வோர் உண்டு. இலக்கண முறைக்கு இது இசைந்தாலும், மூலத்தை இதனால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. மூலத்தைவிட எதிர்ச்சொல் தெளிவான சான்று தருகிறது. சங்க நூல்களில் நாட்டின் எதிர்ச்சொல் அயல்நாடு அன்று, காடு. காடு திருத்தி உழவு நடக்கும் நிலமாக்கிய இடமே நாடு என்ற கருத்து பட்டினப்பாலையில் கரிகாலனைப் போற்றும் பகுதியிலேயே உள்ளது. ஆகவே, உழுது குடியேறிய மக்களும் அவர்தம் வயலும் ஊரும் சேர்ந்த தொகுதி என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். அரசனும் எல்லைக்கோடும் பின்னர் வந்தவை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் ஊரைக் குறிக்கும் முறை இதை உறுதிப்படுத்துகிறது. இன்ன மண்டலத்து, இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊர் என்று மேலிருந்து கீழாக அடுக்கிச் சொல்வது வழக்கம். சில இடங்களில் நாடு என்பதற்கு இணையாகக் கூற்றம் என்ற சொல் வரும், தொண்டை மண்டலத்தில் கோட்டம் என்ற பெரிய பிரிவும் உண்டு. இவ்வாறு ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் சிதறிக் கிடந்த ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, இன்றும் அதே பெயரிலோ திரிந்த பெயரிலோ நிலவும் ஊர்களை இனம் கண்டு, அவற்றைப் படத்தில் புள்ளிகளாக இட்டு, சோழ நாட்டின் நாடுகள் எங்கெங்கே இருந்தன என்று காட்டியவர் எ. சுப்பராயலு, சோழ நாட்டின் அரசியல் புவியியல் பற்றிய அவரது நூல் 1973இல் வெளிவந்தது. அப்படங்கள் காட்டிய உண்மை பெரிது. முதலாம் இராசராசன் வகுத்த வளநாடுகளுக்குப் பெரும்பாலும் ஆறுகளே எல்லை. அவனுக்கு முன்பே இருந்த நாடுகளோ ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்தன. அரசன் வகுத்தது ஆற்றோடு நிற்க, உழவர் வாழ்ந்து உருவாக்கியது ஆற்றைக் கடந்து சென்றது என்பதால், நாடு என்பது அரண்மனையில் வகுக்கப்பட்ட பிரிவு அன்று என்பது விளங்குகிறது. அதன் உழவர் அவையினரே நாட்டார். பிற்காலத்தில் பல நாட்டார் ஒன்றுகூடி, மேழியை, அதாவது கலப்பையை, தம் அடையாளமாகக் கொண்டு சித்திரமேழிப் பெரியநாட்டார் என்று பெயர் பூண்டனர்.

இவ்வாறு பழைய ஆவணங்களிலிருந்து நாட்டுப்படம் அமைக்கும் முயற்சி செருமானிய நிலத்திலும் நடந்தது என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது. அங்கு நாடு என்பதற்கு நேராக நிற்கும் பழஞ்சொல் 'காவ்'. பிரைசுகாவ், ரைன்காவ் ஆகிய வட்டாரப் பெயர்களிலும், இன்று சுவிட்சர்லாந்தின் மாநிலங்களாக விளங்கும் துர்காவ், ஆர்காவ் ஆகியவற்றிலும் அது இறுதி உறுப்பாக நிலைத்துள்ளது. இடைக்காலக் கொடை ஆவணங்கள் ஒரு சிற்றூரைச் சுட்டும்போது 'இன்ன காவில் உள்ள இன்ன ஊர்' என்றே எழுதின. லோர்சு மடத்துக்கு வந்த கொடைகளைத் தொகுத்த 12ஆம் நூற்றாண்டுச் சுவடி அவற்றைக் காவ்வாரியாகவே வரிசைப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் ஃபான் ஸ்ப்ரூனர் வரலாற்று நிலப்பட நூல் அமைத்து, மறைந்துபோன இப்பிரிவுகளைத் தாளில் மீட்டார். ஆவணம் தந்தது ஊர்ப்பெயர் மட்டுமே. கோடு படம் வரைந்தவர் இட்டது. பழைய அச்சுப்படங்களில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும்: நூரெம்பெர்க் நகரில் 1702இல் தம் நிலப்பட நிறுவனத்தைத் தொடங்கிய யோஹான் பாப்டிஸ்ட் ஹோமானின் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டு, பின்னர் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை, எல்லை நெடுகிலும் ஓடும் அவ்வண்ணப் பட்டை, பல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த வட்டாரங்களுக்கும் ஒரே தெளிவான ஓரம் இருந்தது என்று கண்ணை நம்பவைக்கிறது.

தமிழகத்தில் எல்லை என்பது கோடாவதற்கு முன் நடையாக இருந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் லைடன் செப்பேட்டில், பெண்யானையை நடத்தி, ஊர்ச்சுற்றை வலம்வந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை உறுதிசெய்யும் முறை விரிவாக உள்ளது; வாய்க்கால், குளக்கரை, வயல்வரப்பு என்று வழியில் எதிர்ப்பட்டவை அனைத்தும் அங்கே சொல்லாகப் பதிவாயின. படமில்லாத அப்பதிவு, படத்தைவிட நுணுக்கம் குறைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இம்முறை கொடையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட ஊருக்கு உரியது. ஊரின் ஓரத்தை அடிக்கு அடி சொன்ன காலம், ஊரைத் தாங்கிய நாட்டுக்கு அதன் ஊர்களின் பெயரே போதும் என்று கருதியது.

ஆங்கில ஆட்சியில் நிலைமை மாறியது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், அலெக்சாண்டர் ரீடின் நிருவாகத்தில் நில அளவை தொடங்கியது. ஜான் மேத்தர் அப்பகுதியை அளந்து படமாக்கினார். அதன்பின் ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற வரிசை நிலைபெற, சமவெளியில் நாடு என்ற அலகு ஆவணத்தை விட்டு நீங்கிச் சாதி வழக்கிலும் கோயில் திருவிழாவின் முதல் மரியாதையிலும் மட்டும் எஞ்சியது. கொங்கின் பூந்துறை நாடு, காங்கேய நாடு போன்றவை அவ்வாறு எஞ்சியவையே. மலைகளில் அது ஆவணத்திலும் எஞ்சியது. திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்னும் ஊராட்சிகள் உள்ளன. நீலகிரியில் படகரின் பழைய பிரிவுகளில் தொதநாடும் மேக்குநாடும் உண்டு. கொல்லிமலையிலோ நாடே வருவாய்க் கிராமமாக ஏற்கப்பட்டது. வல்வில் ஓரியின் மலையாகச் சங்க நூல்கள் பாடும் அம்மலையில் இன்று பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவர் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் கூறுவர். அக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்கு எதிர்ச்சொல்லான நாடு என்பதை ஒரு மலைக்காட்டின் பிரிவுகளுக்கெல்லாம் இட்ட மக்கள், பள்ளங்களில் நெல்லும் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளைவித்த உழவர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

இன்று திருப்புலி நாட்டுக்குக் கிராம வரைபடம் உண்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே எண் உண்டு; அளவைப் படத்தில் அது மூடிய கோட்டுக்குள் அடங்கிய ஒரு பரப்பு. நிலவுரிமையைக் காக்க இது தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் படத்தோடு வந்த ரோம எழுத்து ஒரு சேதத்தையும் விளைவித்தது: லகரமும் ளகரமும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடுவதால், திருப்புலியின் 'புலி'யும் எடப்புளியின் 'புளி'யும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன, அப்படத்தைப் பார்த்து மீண்டும் தமிழில் எழுதுவோர் விலங்கையும் மரத்தையும் எளிதில் மாற்றிவிடக்கூடும். நாட்டுப்பெயர்களை ஆராய முற்படுவோர் படத்தின் எழுத்தைப் பின்னுக்கு வைத்து, தமிழில் எழுதப்பட்ட பட்டாக்களையும் கோயில் கணக்குகளையும் முதலில் நாடி, அந்தந்த நாட்டு முதியோர் பெயரை ஒலிக்கும் முறையையும் அவர்கள் வாய்மொழியிலிருந்தே குறித்துக்கொள்ள வேண்டும்.