'பிளாக்' என்னும் சொல்லும் நமது கறுப்பும்

ஒரு சமுதாயத்தின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் ஆராய்வர். நாள்தோறும் நாம் வாயாற் சொல்லும் சொற்களும் அத்தகைய சான்றுகளே. ஆங்கிலத்தில் 'பிளாக்' என வழங்கும் நிறச்சொல்லை எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளையும் அறிந்த சொல் அது. ஆயினும் அதனுள்ளே ஒரு நெடிய வரலாறு அடங்கியிருக்கின்றது.

பழைய ஆங்கிலத்தில் கருமையைக் குறித்த சொல்லும் வெளிறிய நிறத்தைக் குறித்த சொல்லும் எழுத்தளவில் மிக நெருங்கியவை. 'எரிதல், ஒளிர்தல்' என்னும் ஒரே வேரிலிருந்து இரண்டும் பிறந்தன என மொழிநூலார் கருதுவர். சுடர் ஒளிர்வது ஒரு பொருள்; எரிந்தது கரியாவது மற்றொரு பொருள். துணி வெளுத்தலைக் குறிக்கும் 'பிளீச்' என்ற சொல்லும் அவ்வழி வந்ததே. ஆகவே, கருமையும் வெண்மையும் பிறப்பிலே பகைகொண்டவை அல்ல.

பிற்காலத்தில் அச்சொல் பல வேடங்களைப் பூண்டது. 'பிளாக் மெயில்' என்பதைக் கேட்டு, கறுப்புத் தபால் என்று எண்ணுவாரும் உளர். அங்கே 'மெயில்' என்பது தபாலன்று. வரி அல்லது கப்பம். ஸ்கொத்லாந்தின் எல்லைப்புறத்துக் குடியானவர்களை மிரட்டி, கொள்ளைத் தலைவர்கள் வாங்கிய கப்பமே அப்பெயர் பெற்றது. குடும்பத்துக்கு இழுக்குத் தேடுபவன் 'கறுப்பு ஆடு' ஆனான். விலக்கப்பட்டோர் பெயர் 'கறுப்புப் பட்டியலில்' ஏறிற்று. கணக்கேட்டில் மட்டும் அச்சொல்லுக்கு நற்பேறு வாய்த்தது. நட்டத்தைச் சிவப்பு மையினாலும் இலாபத்தைக் கறுப்பு மையினாலும் எழுதிய வழக்கத்தால், கறுப்பில் நிற்கும் வியாபாரமே நல்ல வியாபாரம்!

ஆங்கிலேயர் கடல் கடந்து வந்தபோது இச்சொல்லையும் உடன் கொணர்ந்தனர். 1639 இல் கிழக்கிந்தியக் கம்பனியார் சென்னையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டினர். வெள்ளையர் வதிந்த கோட்டைப் பகுதி 'வைற் ரவுண்' எனப்பட்டது. அதற்கு வெளியே நெசவாளரும் வணிகரும் துபாசிகளும் வாழ்ந்த பகுதிக்கோ 'பிளாக் ரவுண்' என்று பெயர். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதன் பின், கோட்டையை ஒட்டியிருந்த பழைய பகுதி இடிக்கப்பட்டு, புதியது வடக்கே வளர்ந்தது. இடம் மாறியபோதும் பெயர் மாறவில்லை. 1911 இலேயே அது 'ஜோர்ஜ் ரவுண்' ஆயிற்று. அப்பகுதியிலுள்ள தங்கசாலை வீதியிலேதான் நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களின் சென்னை அச்சுக்கூடமும் இருந்தது. ஆங்கிலேயர் இழிவுதோன்றப் பெயரிட்ட நகரிலிருந்தே நம்மவர் வீடுகளுக்குச் சைவமும் தமிழும் அச்சேறி வந்தன.

இனி நமது மொழியை நோக்குவோம். கறுப்பு என்பது தமிழில் முழுவதும் மங்கலமான சொல் என்று நாம் வாதிக்கவில்லை. கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் சினத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியமே கூறுகின்றது. ஆயினும் அங்கே செம்மைக்கும் கருமைக்கும் ஒரே தீர்ப்புத்தான். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்றில்லை. மழையைத் தரும் முகில் கார்முகில். முல்லை நிலத்துத் தெய்வம் மாயோன். நஞ்சுண்டு உலகைக் காத்த பெருமானுக்குக் கண்டத்துக் கருமையே அணி. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கேற்றிக் கருநிற வஸ்திரம் சாத்துகின்றோம். கோயில்களிலே நாம் வணங்கும் சிலாவிக்கிரகங்கள் கருங்கல்லில் ஆனவை.

நமது மண்ணும் இதற்குச் சாட்சி. மண்கும்பானுக்கு அழகு வெண்மணல். நம் விநாயகப் பெருமானும் வெள்ளைப்புற்றடியிலே வீற்றிருக்கின்றார். அந்த வெண்மணற் பரப்பில் நிற்கும் பனையைத் தறித்துப் பாருங்கள். கறுத்து வைரம் பாய்ந்த மரத்தையே சிலாகைக்கும் வளைக்கும் தேர்வர். வெளிறிய சோற்றியை எவரும் கூரையில் ஏற்றார். யாழ்ப்பாணத்து மாம்பழங்களிற் பேர்பெற்றது எது? கறுத்தக்கொழும்பான் அன்றோ! மரத்திலும் கனியிலும் கறுப்பைப் போற்றும் நாம் மனிதரில் மட்டும் அதனைக் குறையாகக் காண்பது ஏன்?

இதற்குக் காரணம் ஆங்கிலச் சொல் ஒன்றே எனல் பொருந்தாது. வெயிலில் உழைத்தவரைத் தாழ்வாக நோக்கும் குணம் நம்மிடையே முன்னரும் இருந்தது. ஆங்கில வழக்கு அதற்கு வலுவூட்டியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது 'பிளாக் மார்க்கெற்' என்ற தொடர் எங்கும் பரவியது. நம்மவர் அதனைக் 'கறுப்புச் சந்தை' என மொழிபெயர்த்தனர். 'கறுப்புப் பண'மும் பின்தொடர்ந்தது. களவைக் குறிக்கக் கள்ளம் என்ற சொல் நம்மிடம் இருக்கின்றது. கள்ளச் சந்தை, கள்ளப் பணம் என்றால் விளங்காதார் யார்? குற்றம் செய்தவன் மனிதன். பழி சுமப்பது நிறமா?

உலகம் இச்சொல்லைத் திருத்தி வருகின்றது. 1960 களில் அமெரிக்க நீக்ரோ மக்கள் 'கறுப்பே அழகு' என முழங்கி, தம்மை இழித்த சொல்லையே தமது பெருமைப் பெயராக்கினர். தமிழ்நாட்டிலே பெரியாரின் இயக்கத்தார் சமுதாய இழிவைக் காட்டக் கொடியிற் கறுப்பையும், அதனை நீக்கும் முயற்சியைக் காட்டச் சிவப்பையும் வைத்தனர். 1983 ஆம் ஆண்டு யூலையை நாம் 'கறுப்பு யூலை' என்கின்றோம். அங்கே கறுப்பு துக்கத்தின் நிறம். துக்கம் வேறு, இழிவு வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. மணமகள் தேடும் விளம்பரங்களிலே 'சிவந்த நிறம்' கேட்கப்படுகின்றது. சீதனம் பேசுமிடத்து நிறத்துக்கும் ஒரு விலை வைக்கப்படுகின்றது. படிப்பும் குணமும் நிறைந்த பெண், முகத்தை வெளுப்பிக்கும் களிம்பை நாடுகின்றாள். அவற்றுட் சில, சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கலந்தவை. ஒரு சொல்லில் ஏறிய நஞ்சு ஈற்றில் உடலிலும் ஏறிவிடுகின்றது.

வாலிபச் சகோதரர்காள், சங்கத்தார் செய்யத்தக்க சிறு தொண்டு ஒன்றுண்டு. களவைக் களவென்றே சொல்லுவோம். கறுப்பை நிறமாகவே விடுவோம். பிள்ளைகளை நிறஞ்சொல்லிக் கேலிசெய்யும் வழக்கத்தை நமது வீடுகளில் நிறுத்துவோம். பெரியோர்களே, பெண் பார்க்கப் போகும் வீட்டில் நிறத்தைப்பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். வெள்ளைப்புற்றடிப் பெருமான் நமக்கு வெள்ளை மனத்தை அருள்வாராக.