மரக்காலைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பெருமாள்

திருப்பதி போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் நம் முதல் கேள்வி, "தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?" அடுத்தது, "லட்டு எத்தனை கிடைச்சுது?" மூன்று வார லீவில் ஊருக்கு ஓடி வருகிற நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விடிகாலையில் சென்னையில் கார் ஏறி, அலிபிரியில் சோதனை முடித்து, மலை ஏறி இறங்கி, ராத்திரிக்குள் வீடு. கீழ்த்திருப்பதி என்று ஓர் ஊர் இருப்பது கார் கண்ணாடி வழியாகத் தெரிந்தால் உண்டு. இந்த முறை ஒரு முழு நாளை அந்தக் கீழ் ஊருக்கே ஒதுக்கினேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் கோவிந்தராஜ சுவாமி கோயில். மட்லி அனந்தராஜா 17ஆம் நூற்றாண்டில் கட்டிய வெளிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே மாட வீதிகள், காந்தி ரோடு என்று சுற்றலாம். பித்தளை விளக்குக் கடை, படத்துக்கு ஃபிரேம் போடும் கடை, நாமக்கட்டி, துளசி மாலை, செஞ்சந்தன மரப்பாச்சி (கொலு வைக்கிறவர்கள் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும்!). நடுநடுவே டிபன் ஹோட்டல்கள். சாம்பார் நம்ம ஊர், காரச் சட்னி ஆந்திரா. கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிடுகிறார்.

இந்த ஊருக்கு ஒரு பிறந்த கதை உண்டு. சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சந்நிதிக்குச் சோழன் காலத்தில் ஆபத்து வந்தபோது, அங்கிருந்து அடியார்கள் கொண்டுவந்த உற்சவ மூர்த்தியை வைத்து ராமானுஜர் இங்கே கோவிந்தராஜரைப் பிரதிஷ்டை செய்தார் என்பது வைணவ மரபு. ஆண்டு 1130 என்பார்கள். கோயிலைச் சுற்றி வீதிகள் போட்டு, ஆட்களைக் குடியேற்றி, ராமானுஜபுரம் என்று பெயரும் வைத்தார்களாம்.

உள்ளே பெருமாள் சயனக் கோலம். தலைக்கு வைத்திருப்பது தலையணை இல்லை, மரக்கால்! தம்பி வேங்கடவன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் அல்லவா? அந்தக் கடனை அடைக்கப் பணத்தை அளந்து அளந்து, களைத்துப் போய், மரக்காலையே தலைக்கு வைத்து அண்ணன் படுத்துவிட்டார் என்பது ஊர்க்கதை. இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிற எனக்கு, இதைவிடப் பொருத்தமான சாமி வேறு யார்?

கதையை விடுங்கள், கல்வெட்டுக்கு வருவோம். மலையிலும் கீழேயுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். மிகப் பெரும்பாலானவை தமிழில். விஜயநகரத்து மன்னர்கள் காலத்திலும் கணக்கு தமிழில்தான் வெட்டப்பட்டது. தேவஸ்தானமே 1930களில் இவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. படித்தால் பக்திப் பாட்டு மாதிரி இருக்காது, எங்கள் லெட்ஜர் மாதிரி இருக்கும்.

ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் 'நற்பணம்' இத்தனை என்று கட்டுகிறார். கோயிலை நிர்வகித்த ஸ்தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டவில்லை. கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் போடுகிறார்கள். தண்ணீர் பாய்கிறது, விளைச்சல் கூடுகிறது. கூடின விளைச்சலிலிருந்து கட்டினவர் பெயரால் இன்ன நாளில் இன்ன தளிகை என்று ஏற்பாடு. எதுவரை? சந்திரன் சூரியன் உள்ளவரை. நாங்கள் பத்து வருஷ டெபாசிட்டுக்கே ஆயிரம் நிபந்தனை போடுகிறோம்!

நைவேத்தியம் ஆன பிரசாதத்தில் கால் பங்கு பணம் கட்டினவருக்கு. இதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. இந்தப் பங்கை அவர் மடத்துக்கு எழுதி வைக்கலாம், நந்தவனம் பார்க்கிறவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். மீதி கோயில் ஊழியர்களுக்கும் மற்ற உரிமைக்காரர்களுக்கும். ராஜாக்கள் மட்டும் கட்டவில்லை. வணிகர், கோயில் கணக்கர், ஆசாரியர், கோயிலில் ஆடிய பெண்கள் என்று பலர் இருக்கிறார்கள். தெலுங்குக் கவி அன்னமாச்சார்யரின் மகன் பெத்த திருமலாச்சார்யரின் கட்டளைகளும் உண்டு. படைத்த பண்டங்களின் பட்டியலைப் பாருங்கள்: அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி! பெருமாளுக்கு ஆனபின் இதெல்லாம் எங்கே போகும்? தூர தேசத்திலிருந்து நடந்து வந்த யாத்ரிகர் கைக்குத்தான். சிலருக்கு இலவசமாக: 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் ஏற்படுத்திய ராமானுஜ கூடம் அதற்காகத்தான். மற்றவர்களுக்குக் காசுக்கு. சாப்பாட்டை நம்பி வாழும் இந்த வீதிகளின் ஆதி முதலீட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960லேயே இந்தக் கோயிலின் பொருளாதார வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். பி.காம்.மில் எங்களுக்கு இங்கிலாந்து வங்கி வரலாறெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து ஜில்லாவில் இருந்த இதை யாரும் சொல்லவில்லை.

இப்போதும் நம்மில் பலர் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறோம். 1985ல் தொடங்கிய நித்ய அன்னதானத் திட்டம் அது. நன்கொடையை வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் சாப்பாடு. பாதுகாப்பானது, தணிக்கைக்கு வசதியானது, என் தொழிலுக்கும் நல்லது. ஆனாலும் அந்தக் காலத்து ஏற்பாடுதான் உசத்தி என்று எனக்குப் படுகிறது. அந்தப் பணம் யாத்ரிகருக்குச் சோறு போடுவதற்கு முன்னால், மழையை நம்பிக் கிடந்த ஒரு கிராமத்துக்கு ஏரி வெட்டிக் கொடுத்தது. இப்போது அந்த நடுப்படி இல்லை.

அப்புறம் விஜயநகரம் போயிற்று, ஆற்காட்டு நவாப் வந்தார், 1801ல் கம்பெனி வந்தது. 1843 முதல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள், 1933 முதல் தேவஸ்தானம். 1944ல் மலைக்கு மோட்டார் சாலை போட்டதும் கீழ் ஊரில் தங்கி இளைப்பாறிப் போகிற அவசியம் குறைந்தது. வடார்க்காட்டிலிருந்து பிரிந்து 1911ல் உருவான சித்தூர் ஜில்லா 1953ல் ஆந்திராவோடு போனது. ம.பொ.சி. போராடியதில் 1960ல் திருத்தணி நமக்குத் திரும்பியது, திருப்பதி திரும்பவில்லை. 2022ல் திருப்பதியே தனி மாவட்டம். அந்தப் பழைய சண்டையை நான் கிளப்பவில்லை. வீதியில் இரண்டு மொழியும் ஒரே கல்லாவில்தான் காசு வாங்குகின்றன.

அடுத்த லீவில் போகிறவர்கள் மலைக்குப் போகும் முந்தின நாள் சாயங்காலம் கீழே தங்குங்கள். கோவிந்தராஜர் கோயிலில் பிள்ளைகளைச் சுவர் ஓரமாக நிறுத்தி, கல்லில் ஏதாவது ஓர் எழுத்து தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். 'ப', 'ட', 'ம' எல்லாம் சீக்கிரமே கண்ணில் படும். வெளியே வந்ததும் ஒரு தோசை வாங்கிக் கொடுங்கள்.